நம் கையில் விடப்பட்ட கதவு



சென்ற இதழில் உறக்கத்தைப் பற்றி எழுதிவிட்டு, இம்மாதம் கண்ணைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அந்த வாக்கை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. என் வகுப்பில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே அதற்குக் காரணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் அதைச் சொல்லாமல் இம்மாதப் பொருளுக்குள் நுழைய இயலாது.

அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கும் மாலை நேர ஓதல் வகுப்பு அது. பள்ளிக்கூடம் விட்டு, வீட்டில் ஒரு வாய் தேநீர் அருந்திவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தனர். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினான். "முதலில் பாடத்தை ஒப்புவி, பிறகு போகலாம்" என்றேன். அவன் அமர்ந்தான். முழங்கால்களை நெருக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். ஓதலில் ஆடுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் பாய் நனைந்தது. பிள்ளைகள் சிரித்தனர். நானும் கடிந்து ஒரு சொல் சொல்லிவிட்டேன். ஓதும் புத்தகத்தையும் தொப்பியையும் அப்படியே விட்டுவிட்டு அவன் ஓடிவிட்டான்.

மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் புத்தகத்தையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் அவனுடைய நன்னிமா நின்றிருந்தார்.

"வாருங்கள் ஹஸ்ரத். பிள்ளைக்குக் காய்ச்சல். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுகிறான். பல நாளாகவே எரிந்திருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை" என்றார்.

அன்று மாலை அவனுடைய அத்தா அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன். சிறுநீர்ச் சோதனையில் கிருமித் தொற்று என்று தெரியவந்தது. மருந்து எழுதுவதற்கு முன் அந்த மருத்துவ அம்மையார் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒன்றுக்குப் போவாய்?" அவன் தலை குனிந்தபடி, "போவதே இல்லை" என்றான். காலை எட்டரை மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை! காரணம் கேட்டபோது, அங்கே நாற்றம் தாங்காது என்றும், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்றும் சொன்னான். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று, வீட்டில் நிரப்பித் தந்த தண்ணீர்ப் புட்டியையும் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவானாம்.

அந்த அம்மையார் ஒரு தாளை எடுத்து இரண்டு அவரை விதைகளையும் இரண்டு நூல்களையும் ஒரு பையையும் வரைந்தார். "நீங்களும் பாருங்கள், ஹஸ்ரத். ஆசிரியர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்" என்றார். நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. அறிவியல் என்றால் சற்றே ஒதுங்கி நிற்பவன். ஆயினும் அன்று கேட்டதையும், பின்னர் நூல்களில் தேடிப் படித்ததையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நாளொன்றுக்கு 180 லிட்டர்

நம் முதுகுப் பக்கத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இருபுறமும் அமைந்திருப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் கொண்டது. வலப்புறம் கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அப்பக்கத்துச் சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கு அளவே வரும். ஆனால், ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவற்றுக்குச் செல்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தம்!

எதற்காக இவ்வளவு இரத்தம்? நாம் உண்ணும் இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதம் உடலில் பயன்பட்ட பின் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் மிஞ்சுகிறது. அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. தசைகள் தம் பங்குக்குக் கிரியாட்டினின் என்னும் கழிவை அனுப்புகின்றன. மிகுதியான உப்பும் நீரும் வேறு உள்ளன. இவற்றையெல்லாம் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பொறுப்பு இந்த இரண்டு அவரை விதைகளின் மேல் விழுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நெஃப்ரான்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல் முடிச்சுப் போல் சுருண்டு கிடக்கின்றன. 1666ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் மால்பிகி நுண்ணோக்கியின் வழியே இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதினார். அம்முடிச்சைச் சுற்றி ஒரு கிண்ணம் போன்ற உறை இருப்பதையும், அது ஒரு நுண்குழாயாக நீள்வதையும் 1842இல் ஆங்கிலேய மருத்துவர் பௌமன் விளக்கினார்.

இரத்தம் அந்த முடிச்சுக்குள் அழுத்தத்துடன் பாயும்போது நீரும், உப்புகளும், சர்க்கரையும், யூரியாவும் கிண்ணத்துக்குள் வடிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடிய முடியாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. இவ்வாறு வடியும் நீரின் அளவு என்ன தெரியுமா? நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர்! இப்போது நம் வீடுகளுக்கு வருகின்றனவே, 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள், அவற்றில் ஒன்பது கேன் அளவு. ஆனால் நாம் வெளியேற்றும் சிறுநீரோ சுமார் ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே போயிற்று?

பெருநாளுக்கு முன் நம் வீட்டுப் பெண்கள் அறையை ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பொருள் அனைத்தையும் முற்றத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு வேண்டியவற்றை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துச் செல்வார்கள். முற்றத்தில் மிஞ்சுவது குப்பைக்குப் போகும். சிறுநீரகமும் அவ்வாறே செய்கிறது. முதலில் எல்லாவற்றையும் வெளியே வடித்துவிடுகிறது. அந்நீர் நுண்குழாயில் ஓடும்போது உடலுக்கு வேண்டியவற்றைத் திரும்ப இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. குழாயின் முதல் பகுதியிலேயே நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. நலமான உடலில் சர்க்கரை அனேகமாக முழுவதுமே இங்கே மீட்கப்படுகிறது. அடுத்து அக்குழாய் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல் கீழிறங்கி மேலேறுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹென்லே 1862இல் கண்டுரைத்த இந்த வளைவுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் ஆற்றலுக்கு அடித்தளம்.

நோன்பு நாளில் நடப்பது

ரமளானில் நோன்பு நோற்கும்போது அஸர் நேரத்தில் சிறுநீர் குறைந்து, நிறம் அடர்ந்து வருவதை அனைவரும் அறிவோம். அப்போது உள்ளே நடப்பது என்ன? இரத்தத்தில் நீர் குறைந்து உப்பின் செறிவு சிறிதளவு கூடினாலும் மூளை அதை உணர்ந்துகொள்கிறது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தை அடைந்ததும், நுண்குழாயின் கடைசிப் பகுதியில் நீர்வழிகள் திறக்கின்றன. வெளியேற இருந்த நீர் உடலுக்குள் திரும்பிவிடுகிறது. மஃக்ரிபில் நோன்பு திறந்து இரண்டு குவளை நீர் அருந்தியதும் அந்த ஹார்மோன் குறைகிறது. சிறுநீர் மீண்டும் தெளிகிறது.

எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், அன்றாடக் கழிவைச் சுமந்து செல்ல ஏறத்தாழ அரை லிட்டர் நீராவது சிறுநீரகத்துக்குத் தேவை. ஆதலால்தான் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நோன்பு நோற்பது பற்றி ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஏற்றுக்கொள்வதில் குறைவேதும் இல்லை.

இரண்டு கதவுகள்

வடித்து முடித்த சிறுநீர், சிறுநீரகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் வழியே கீழே இறங்குகிறது. அதன் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். அது தன் எடையால் மட்டும் இறங்குவதில்லை. குழாயின் சுவரிலுள்ள தசை அலை அலையாகச் சுருங்கி அதைத் தள்ளுகிறது. நாம் படுத்திருந்தாலும், தலைகீழாக நின்றாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். சிறுநீர்ப்பையின் சுவருக்குள் அக்குழாய் நேராக நுழையாமல் சாய்வாக நுழைகிறது. பை நிரம்ப நிரம்ப அந்தச் சாய்வான பகுதி அழுந்தி மூடிக்கொள்வதால் சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதில்லை. என்னே இறைவனின் திட்டமிடுதல்!

சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. வளர்ந்தவர்க்கு அது 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். 150 அல்லது 200 மில்லி சேர்ந்ததுமே முதல் உணர்வு தோன்றிவிடும். குழந்தைகளுக்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதுடன் இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், பையின் கொள்ளளவு ஏறத்தாழ மில்லி லிட்டரில் கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 270 மில்லி. என் முன்னால் ஆடிக்கொண்டிருந்த சிறுவனின் பை அவ்வளவுதான். பகல் முழுவதும் அடக்கியதன் மேல் வீட்டில் அருந்திய தேநீரும் சேர்ந்திருந்தது.

இந்தப் பைக்கு இரண்டு கதவுகள். உட்கதவு நம் ஆணைக்குக் கட்டுப்படாதது. வெளிக்கதவு மட்டும் நம் விருப்பத்துக்கு இயங்கும் தசை. கைக்குழந்தைக்கு அதுவும் வசப்படுவதில்லை. பை நிரம்பியதும் செய்தி தண்டுவடத்துக்குப் போய், விடை உடனே திரும்பிவிடும். பை தானே காலியாகும். பிள்ளை வளர வளர மூளை அந்தப் பொறுப்பை ஏற்கிறது. பெரும்பாலான குழந்தைகள் மூன்று நான்கு வயதுக்குள் பகலில் அடக்கப் பழகிவிடுகிறார்கள். இரவில் பழக இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளை படுக்கையை நனைத்தால் அதை அடிப்பது அறியாமை. உறக்கத்திலிருக்கும் மூளைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை என்பதே பொருள்.

உரிய இடத்தில் நாம் அமர்ந்ததும், மூளை இசைவு தருகிறது. வெளிக்கதவு தளர்கிறது. பையின் தசை சுருங்குகிறது. உட்கதவு திறக்கிறது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் விலங்குகளைக் கவனித்து வியப்பான ஒன்றை வெளியிட்டார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பாலூட்டிகள், ஆடாயினும் யானையாயினும், பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 21 வினாடிகள்தானாம்! பை பெரிதானால் குழாயும் நீண்டு அகன்று விடுவதால் ஓட்டமும் விரைவாகிறது.

சிந்தித்துப் பாருங்கள். 180 லிட்டரை வடித்ததும், அதில் வேண்டியதை மீட்டதும், குழாயில் தள்ளியதும், பையில் சேர்த்ததும் நம்மைக் கேளாமல் நடந்தன. கடைசியில் ஒரே ஒரு கதவு மட்டும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. இடமும் நேரமும் பார்த்து, மனிதனுக்குரிய நாகரிகத்தோடு நடந்துகொள்வதற்காக அந்தச் சிறு அதிகாரம் நமக்குத் தரப்பட்டது. அதை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்?

அடக்குவதன் விலை

எப்போதோ ஒரு நாள் பயணத்தில் சற்று நேரம் அடக்குவதால் நலமான உடலுக்குக் கேடு வந்துவிடாது. நாள்தோறும் அடக்குவதுதான் தீங்கு. பை உள்ளிருந்து தள்ள, பிள்ளை வெளிக்கதவை இறுக்கிப் பிடிக்கிறது. இதுவே பழக்கமாகிவிட்டால், பிறகு கழிப்பறையில் அமர்ந்தாலும் அந்தக் கதவு முழுமையாகத் தளர மறுக்கிறது. பையில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. தண்ணீரும் குடிக்காவிட்டால் கிருமிகளை அடித்துச் செல்லப் போதிய ஓட்டமும் இல்லை. எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும், விலாவுக்குக் கீழே முதுகில் வலியும், வாந்தியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

பெண்களுக்கு இது இன்னும் எளிதில் வருகிறது. ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் வழியின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கோ சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏறிச் செல்ல வேண்டிய தொலைவு அவ்வளவு குறைவு. ஆனால் நம் வீடுகளில் அதிகம் அடக்குபவர்கள் யார்? வெளியூர்ப் பயணமென்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் யார்? திருமண மண்டபத்தில் இடம் கேட்கக் கூச்சப்பட்டு மாலை வரை அமர்ந்திருப்பவர்கள் யார்? நம் தாய்மார்களும் மனைவியரும் மகள்களும்தான்.

என் தாயாரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இதை எழுத அவர்களிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். மூன்றாண்டுகள் அவர்கள் எந்த நல்ல காரியத்துக்கும் வெளியே வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். நாங்களும் நம்பினோம். உண்மையான காரணத்தை என் மனைவிதான் கண்டறிந்தாள். கதவின் தசை தளர்ந்து நாள் முழுவதும் சிறுநீர் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு வக்துக்கும் குளித்து, துணி மாற்றித் தொழுதிருக்கிறார்கள். மாலைக்குப் பிறகு தண்ணீரைத் தொடுவதே இல்லை. இடைவிடாமல் சிறுநீர் கசியும் நிலையில் உள்ளவர், தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் செய்து, துணி வைத்துக்கொண்டு, உளூச் செய்து தொழலாம். அதன் பின் கசிவது அத்தொழுகையைக் கெடுக்காது என்னும் சட்டத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். என் வீட்டு அறையில் என் தாயார் அந்தச் சலுகை தெரியாமல் மூன்றாண்டுகள் வாடியிருக்கிறார்கள்!

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரிந்தது. சென்ற மாதம் ஒரு திருமணத்துக்கு வந்து பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் முதுமையில் இவ்வாறு நேர்கிறது. வயதான ஆண்களுக்கோ புராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெருக்குவதால் ஓட்டம் மெலிந்து, இரவில் பலமுறை எழ நேரிடுகிறது. இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. வாய் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

சிறுநீர் சொல்லும் செய்தி

முற்காலத்து மருத்துவர்கள் சிறுநீரைப் பார்க்காமல் நோயைத் தீர்மானிப்பதில்லை. அறிஞர் இப்னு ஸீனா தம் கானூன் என்னும் மருத்துவப் பெருநூலில் சிறுநீரின் நிறம், திண்மை, மணம், அடியில் தங்கும் படிவு ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் சித்த மருத்துவர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என்று வகுத்து, சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைக் கவனித்தனர். இன்று ஆய்வுக்கூடங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட வேண்டியதில்லை.

வெளிர் வைக்கோல் நிறம் நலத்தின் அடையாளம். அடர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பீட்ரூட் உண்ட மறுநாள் சிலருக்குச் சிவந்து போகும். அதற்கு அஞ்ச வேண்டாம். அத்தகைய காரணமின்றிச் சிவப்பாகவோ தேயிலைச் சாயம் போலவோ போனால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். நாள்தோறும் நுரைத்துப் போய், அந்நுரை அடங்காமல் நின்றால் புரதம் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னது பொய்யன்று. இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லி கிராமைத் தாண்டும்போது, நுண்குழாய்களால் அதை முழுவதும் மீட்க முடியாமல் போகிறது. மிஞ்சியது வெளியேறுகிறது.

சிறுநீரகம் மெல்லப் பழுதாகும்போது வலிப்பதில்லை. பெரும் பகுதி பழுதான பிறகே கால் வீக்கமும் சோர்வும் தெரியத் தொடங்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்வது கட்டாயம். மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்தைச் சிதைக்கும்.

நெதர்லாந்து மருத்துவர் கொல்ஃப் 1943இல், போர்க் காலத்தில், ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது. 1971இல் நம் வேலூரிலும் அந்த அறுவை நடந்தது. இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கிறார்கள். நமக்குள் 300 கிராம் எடையுள்ள இரண்டு உறுப்புகள் ஓசையின்றிச் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் அந்த இயந்திரத்தால் செய்ய முடிகிறது.

நான் கற்ற பாடம்

நாட்டுப்புறத்து அரபி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கிய நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். தோழர்கள் பதறி அவரைத் தடுக்கப் பாய்ந்தனர். நபியவர்களோ, அவரை விட்டுவிடும்படியும் இடையில் நிறுத்த வேண்டாமென்றும் கூறினார்கள். அவர் முடித்த பின் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. மென்மைக்குச் சான்றாக இதை நான் எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சிறுநீரும் மலமும் நெருக்கும் நிலையில் தொழ வேண்டாம் என்ற நபிமொழியையும் நடத்தியிருக்கிறேன். தொழுகைக்கே காத்திருக்க இடம் தந்த மார்க்கத்தைக் கற்றுக்கொடுக்கும் நான், ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு பாடத்துக்காக அவனைக் காக்க வைத்தேன். பள்ளிவாசலின் தரையைவிட என் வகுப்புப் பாய் உயர்ந்ததாகிவிட்டதா?

இப்போது என் வகுப்பில் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. எழ வேண்டியவர் எழுந்து போய்விட்டு வரலாம். மதரஸா நிர்வாகத்தாரிடம் சொல்லிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். இதனால் ஒழுங்கு கெடும் என்று சிலர் அஞ்சினார்கள். முதல் வாரம் சில குறும்பர்கள் விளையாடிப் பார்த்தது உண்மைதான். பிறகு அடங்கிவிட்டார்கள்.

அந்தச் சிறுவனிடம் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிந்தான், ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் தீர்ந்து திரும்பிய இரண்டாம் நாள், ஓதிக்கொண்டிருந்தவன் பழக்கத்தில் சுண்டுவிரலை உயர்த்தினான். பிறகு நினைவு வந்து, விரலை மடக்கிக்கொண்டு எழுந்து போனான். வந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தான். விட்ட இடத்திலிருந்து ஓதினான்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் பரிவோடு கேளுங்கள்: "பள்ளிக்கூடத்தில் இன்று எத்தனை முறை போனாய்?" அவர்கள் தரும் பதில் உங்களைத் திடுக்கிட வைத்தால், மறுநாளே பள்ளிக்குச் சென்று கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடமும், அவர்கள் மனம் கோணாதபடி, விசாரியுங்கள்.

கண்ணைப் பற்றி அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், எழுதுகிறேன். வஸ்ஸலாம்.